மூன்று பழைய சர்வர்களை ஒன்றாக்க எந்த மெய்நிகராக்க மென்பொருள் ஏற்றது?

கேள்வி:
வணக்கம். ஐம்பது பேர் பணிபுரியும் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். விண்டோஸ் சர்வர் 2016 இயந்திரம் ஒன்றில் கணக்கு மென்பொருளும், உபுண்டு இயந்திரத்தில் போஸ்ட்கிரஸ் தரவுத்தளமும், மூன்றாவதில் வருகைப்பதிவும் ஓடுகின்றன. இவற்றை 16 கோர், 128 ஜிபி ரேம், ரெய்டு கார்டு (பல வட்டுகளை ஒரே தொகுப்பாக்கும் அட்டை), 2 டிபி எஸ்எஸ்டி நான்கு கொண்ட ஒரே புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும். ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களைத் தனித்தனியே ஓட்டும் விஎம்வேர், ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? பழைய கணினி ஒன்றில் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி, விண்டோஸ் வட்டின் நகலை ஏற்றிப் பார்த்தேன். 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரையில் நின்றுவிடுகிறது.

பதில் 1:
முதலில் நீலத்திரை. வட்டை விர்ட்ஐஓ ஸ்கசி (மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உள்ள வட்டு இணைப்பு) வகையாக இணைத்திருப்பீர்கள் என நினைக்கிறேன். அதற்கான டிரைவர் அந்த விண்டோஸில் இல்லாததால் தன் வட்டையே அதனால் படிக்க முடியவில்லை. சி வட்டை, விண்டோஸ் ஏற்கெனவே அறிந்த சாட்டா வகையாக மாற்றி, கூடவே 1 ஜிபி அளவில் வெற்று வட்டு ஒன்றை விர்ட்ஐஓ ஸ்கசியாக இணைத்து இயக்குங்கள். விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவரை நிறுவி, அந்தச் சிறிய வட்டு டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரிந்த பிறகு இயந்திரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, சி வட்டை ஸ்கசிக்கு மாற்றலாம். பூட் வரிசையையும் அப்போதே திருத்திவிடுங்கள். பலர் மறப்பது அதைத்தான். பழைய இயந்திரம் யூஇஎஃப்ஐ முறையில் (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க முறை) இயங்கியிருந்தால் இங்கும் அதன் மெய்நிகர் வடிவமான ஓவிஎம்எஃப் வேண்டும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிய பிறகு விஎம்வேர் சந்தா முறைக்கு மாறிவிட்டதால், உங்கள் அளவுக்கு அந்தச் செலவு தேவையில்லை. தனியே இலவசமாகக் கிடைத்த ஹைப்பர்-வி சர்வர் 2019 பதிப்போடு நின்றுவிட்டது. எல்லாமே விண்டோஸாக இருந்திருந்தால் ஹைப்பர்-வியைச் சொல்லியிருப்பேன். பாதி லினக்ஸ் என்பதால் டெபியன் லினக்ஸையும், லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மையும் அடித்தளமாகக் கொண்ட ப்ராக்ஸ்மாக்ஸ் போதும். விண்டோஸ் உரிமத்தை மட்டும் சரிபாருங்கள்: பழைய சர்வரோடு வந்த ஓஇஎம் உரிமம் பொதுவாகப் புதிய இயந்திரத்துக்குச் செல்லாது.

பதில் 2:
நான் மென்பொருளைவிட வட்டுகளைப் பற்றியே அதிகம் கவலைப்படுவேன். எங்கள் அலுவலகத்தில் ரெய்டு கார்டு பழுதானபோது நான்கு வட்டுகளும் நல்ல நிலையில் இருந்தும், அதே மாதிரி கார்டு ஒன்று கையில் கிடைக்கும்வரை பதினொரு நாள் ஒரு கோப்பைக்கூட எடுக்க முடியவில்லை. அதனால், முடிந்தால் உங்கள் கார்டை எச்பிஏ முறைக்கு (வட்டுகளைத் தொகுக்காமல் அப்படியே காட்டும் முறை) மாற்றி, வட்டுகளை நேரடியாக இசட்எஃப்எஸ்ஸிடம் (வட்டுத் தொகுப்பைத் தானே கவனிக்கும் கோப்பு முறைமை) கொடுத்து, இரண்டு இரண்டாகப் பிரதி இணைகளாக அமையுங்கள். பயன்படும் இடம் ஏறத்தாழ 4 டிபியாகக் குறையும், ஆனால் சர்வரே போனாலும் அந்த வட்டுகளை இசட்எஃப்எஸ் உள்ள வேறொரு லினக்ஸ் இயந்திரத்தில் செருகிப் படிக்கலாம். ரெய்டு கார்டு அமைத்த தொகுப்பின்மேல் இசட்எஃப்எஸ்ஸை வைக்காதீர்கள். எஸ்எஸ்டி வாங்கும்போது மின்னிழப்புப் பாதுகாப்பு உள்ளதா என்று கேளுங்கள். அது இல்லாத சாதாரண எஸ்எஸ்டிகளில் போஸ்ட்கிரஸின் எழுத்து வேகம் மிகவும் சரிந்துவிடும்.

ஸ்னாப்ஷாட்டை (இயந்திரத்தின் ஒரு கணத்து நிலையைப் பதிந்துவைப்பது) காப்புநகலாகக் கருத வேண்டாம். அதுவும் அதே வட்டுகளில்தான் இருக்கிறது. ஓய்வுபெறும் சர்வர் ஒன்றில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை நிறுவி, மாதம் ஒருமுறை ஏதேனும் ஓர் இயந்திரத்தை மீட்டெடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
சாட்டா வழியில் விண்டோஸ் எழுந்துவிட்டது, ஸ்கசிக்கும் மாற்றிவிட்டேன். மிக்க நன்றி. கணக்கு மென்பொருளின் உரிமம் யூஎஸ்பி டாங்கிளில் (சாவிபோல் செருகும் சிறு கருவி) இருக்கிறது. அது மெய்நிகர் இயந்திரத்துக்குள் தெரியுமா?

பதில் 1:
தெரியும். ஹார்ட்வேர் பகுதியில் யூஎஸ்பி டிவைஸைச் சேர்க்கும்போது, வென்டார் எண்ணைக் கொண்டு இணைத்தால் எந்தத் துளையில் செருகினாலும் வேலை செய்யும். நாளை இரண்டாவது சர்வர் வாங்கினால், டாங்கிள் உள்ள இயந்திரத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கே நகர்த்த முடியாது. அதை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும்.