பாறை என்று நினைத்தேன்: எங்கள் ஏற்காட்டு ஞாயிறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

கோடை நடையில் எதிர்ப்பட்டதை எழுதுங்கள் என்று எங்கள் ஞாயிறு நடைக் குழுவில் கேட்டிருந்தார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அதை என் தொழிலிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். பதினாறு வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன், இப்போது நாற்பத்தைந்து ஆகிறது. பற்றவைப்பது என் வேலை. கண்ணுக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். முப்பது வருடமாக நான் உற்றுப் பார்த்ததெல்லாம் அந்த ஒரு சாணுக்குள் இருந்தது. முதுகுவலி தாங்காமல் போனபோது டாக்டர் மாத்திரையோடு, "தினமும் நடங்க, எழுந்து தூரமாப் பாருங்க" என்றார். பக்கத்து வீட்டு அண்ணன் இந்தக் குழுவில் இருந்தார். "நம்ம மலைக்குத்தான் போறோம், வாப்பா" என்று கூப்பிட்டார்.

நம்ம மலை என்று வாய் சொல்கிறதே தவிர, சேலத்தில் பாதிப் பேருக்கு அது மாடியிலிருந்து பார்க்கிற மலைதான். நகரமலை, சேர்வராயன், ஜருகுமலை, கஞ்சமலை என்று ஊரைச் சுற்றி மலைகள் நிற்கின்றன. எந்தத் தெருவின் கோடியைப் பார்த்தாலும் ஏதாவது ஒன்று தெரியும். இரவில் மலைப்பாதையில் பேருந்து திரும்பும்போது அதன் விளக்கு ஒரு வளைவில் மறைந்து அடுத்த வளைவில் வரும். சின்ன வயதில் அதை எண்ணியிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் என் காலால் நடக்கிற தூரத்தில் வைத்து ஒருநாளும் யோசித்ததில்லை.

சேர்வராயன் மலைமேல் இருக்கிற ஏற்காட்டுக்கு முதல் தடவை போனது ஏப்ரலில். கீழே விடியற்காலையிலேயே வியர்த்தது. மேலே இறங்கியதும் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக்கொண்டேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்று குழுவில் இருக்கிற டீச்சரம்மா கணக்குச் சொன்னார். அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் எட்டு டிகிரியைக் கீழே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

குழுவில் எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்கு. முன்னால் வழி தெரிந்த ஒருவர், பின்னால் கடைசி ஆள் ஒருவர். முன்னவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு, ஒரு விசில். வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு வந்தால் தேனீயைக் காரணம் காட்டி அண்ணன் அன்பாகத் திட்டுவார்.

கோடையில் காட்டுப் பாதைக்குள் போவதே இல்லை. ஊர்ச் சாலை, கிராமத்து மண் பாதை, முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கிய காப்பித் தோட்டத்து வழி, அவ்வளவுதான். எனக்கு ஆரம்பத்தில் இது ஏமாற்றமாக இருந்தது. ஒருநாள் அண்ணன் உட்காரவைத்துச் சொன்னார். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காய்ந்த புல் சரிவில் தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் இறந்துபோனார்கள். தீ மேட்டைப் பார்த்து ஏறும்போது அதன் வேகம் கூடும், மனிதனுக்கு மேடு ஏற ஏற மூச்சு வாங்கும், இரண்டும் ஒரே திசையில் ஓடினால் யார் ஜெயிப்பது என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது வனத்துறையே வழிகாட்டியோடு கூட்டிப்போகிற ட்ரெக் தமிழ்நாடு திட்டம் 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது. காட்டுக்குள் போக ஆசைப்படுகிறவர்கள் தீக்காலம் முடிந்ததும் அதில் பதிவு செய்து போகலாம். எங்கள் குழுவிலும் சிலர் போனார்கள்.

சரி, அந்த மே மாத ஞாயிறுக்கு வருகிறேன். கோடை விழாக் கூட்டம் சேருவதற்கு முன்னால் நடந்துவிட வேண்டும் என்று முந்தின நாளே மேலே தங்கி, ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஒன்பது பேர். இரவு தூறியிருந்தது. தோட்டத்துக்குள் மூடுபனி இறங்கி, சில்வர் ஓக் மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது, மிளகுக் கொடி ஏறிய தண்டுகள் வரிசையாகத் தூண் போல. யாரும் பேசவில்லை. அந்த அமைதியைக் கெடுக்க மனம் வரவில்லை.

முன்னால் போன டீச்சரம்மா கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம். நான் கடைசிக்கு முந்தினவன். அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு பெரிய பாறை. ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. முப்பது, முப்பத்தைந்து அடி தூரம் இருக்கும். அதற்குப் பின்னால் ஏதாவது இருக்குமோ என்று எட்டிப் பார்க்க ஓர் அடிகூட எடுத்து வைத்தேன். கடைசி ஆளான அண்ணன் என் சட்டையைப் பிடித்தார்.

பனி கொஞ்சம் விலகியது. பாறைக்குக் கீழே வெள்ளையாக நான்கு.

நான் கொலுசுக்காரன். யார் எதிரே வந்தாலும் என் கண் முதலில் பாதத்துக்குத்தான் போகும். எங்கே கொலுசு தொடங்குமோ அங்கிருந்து முழங்கால் வரைக்கும் வெள்ளை. அதற்கு மேல் கறுப்பு. கால்களைப் பார்த்த பிறகுதான் பாறை உடம்பானது. திமில் தெரிந்தது, கொம்பு தெரிந்தது, எங்களையே பார்த்துக்கொண்டிருந்த கண் தெரிந்தது. காட்டெருமை. அது மூக்கால் ஒரு சத்தம் விட்டது, துருத்தியில் காற்று சீறுவதுபோல. என் வயிறு அப்படியே உள்ளே போனது.

திரும்பாமல், ஓடாமல், அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் ஓரோர் அடியாகப் பின்னால் வந்தோம். அண்ணன் என் தோளைப் பிடித்து வழி நடத்தினார். பின்னால் பள்ளம் இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டார், நான் முன்னால் பார்த்துக்கொண்டேன். தூரமாக வந்து நின்ற பிறகு, மரங்களுக்கு நடுவே மற்ற பாறைகளும் எழுந்தன. மொத்தம் ஐந்து. அதில் ஒன்று செம்பழுப்பு நிறக் கன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பாதையைக் கடந்து கீழ்ச் சரிவில் இறங்கின. அவ்வளவு பெரிய உடம்புகள், காப்பிச் செடி ஒடிகிற சத்தம்கூட இல்லை. கன்று மட்டும் பாதையில் நின்று எங்களைப் பார்த்தது. தாய் திரும்பி வந்து அதை முட்டித் தள்ளிக்கொண்டு போனது.

ஒருவரும் செல்போனை எடுக்கவில்லை. ஏரிக்கரைக் கடையில் டீயும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கி உட்கார்ந்த பிறகுதான் பேச்சே வந்தது.

இப்போது பட்டறையில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசலில் நின்று தெருக்கோடி வரை பார்க்கிறேன். முதுகும் முன்னைவிடத் தேவலாம்.


அஸ்தம்பட்டியிலிருந்து:

கையைத் தூக்கியது நான்தான். தம்பி ஐந்து என்று எழுதியிருக்கிறார், ஆறு. ஒன்று அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்காது. எனக்கும் முதலில் தெரிந்தது உருவம் இல்லை, வாடை. மாட்டுக் கொட்டகை வாடை. தோட்டத்தில் அந்த இடத்தில் கொட்டகை கிடையாது என்பது தெரியும், அதனால் நின்றேன்.

என் அனுபவம் மார்ச் கடைசியில் நடந்தது. ஏரியிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடந்தோம். 5,326 அடி, நம் மலையில் மிக உயரமான இடங்களில் அதுவும் ஒன்று. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். குனிந்து போய்க் கும்பிட்டு வெளியே வந்தால் மேலே பரந்த வெட்டவெளி. பதினொரு மணி வரை நல்ல வெயில். அப்புறம் கிழக்கே ஒரு கறுப்பு. பிள்ளைகள் அதைப் படம் எடுக்க ஓடினார்கள்.

மின்னல் தெரிந்ததும் எண்ணச் சொன்னேன். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முதல் தடவை பன்னிரண்டு எண்ணினார்கள், நான்கு கிலோமீட்டர். அடுத்தது ஏழு. முப்பதுக்குள் இடி கேட்டாலே வெட்டவெளியில் நிற்கக் கூடாது என்பது விதி. வகுப்பில் எத்தனையோ வருடம் சொல்லிக்கொடுத்த பாடம். அன்றைக்குத்தான் அதை என் உயிருக்காகப் பயன்படுத்தினேன். தனி மரத்தடிக்கு ஓடிய இரண்டு பேரைக் கூச்சல் போட்டு இழுத்துக்கொண்டு, எல்லோரும் கீழே வந்த வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினோம். ஆலங்கட்டி கூரைமேல் கொட்டியது. இடி ஒன்று மிகப் பக்கத்தில் விழுந்தது, எண்ண நேரமே இல்லை. ஒரு பாட்டி, வழியில் எங்களோடு வேனில் ஏறியவர், மடியிலிருந்த முந்தானையை விரித்து ஆலங்கட்டியைப் பிடிக்கச் சொல்லி என் பேத்தியிடம் சிரித்துக்கொண்டிருந்தார். "இது நல்ல மழைம்மா, பூமழை. பத்து நாள் கழிச்சு வந்து பாரு" என்றார்.

வந்து பார்த்தேன். ஒன்பதாம் நாள் தோட்டம் முழுக்க வெள்ளை. காப்பிச் செடி மொட்டு விட்டுக் காத்துக் கிடக்கும், கோடையின் அந்த முதல் நல்ல மழை பட்ட பிறகு எல்லாச் செடியும் ஒரே நாளில் மலரும். மல்லிகைக்குப் பக்கத்தில் வருகிற வாசம். மூன்று நான்கு நாளில் பூ வாடி உதிர்ந்துவிடும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று மாணவர்களுக்கு எத்தனை முறை எழுதிப்போட்டிருப்பேன். பூத்த தோட்டத்தில் அறுபத்திரண்டாவது வயதில்தான் நின்றேன். தேனீச் சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. ஏப்ரலில் மலைக்குப் போகிறவர்கள் ஏரியோடு திரும்பிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.


மலையிலிருந்து:

நான் இங்கேயே பிறந்தவன். தோட்டத்து வேலை. ஞாயிற்றுக்கிழமை இந்தக் குழுவுக்கு வழி காட்டுகிறேன். டீச்சரம்மாவும் கொலுசுப் பட்டறை அண்ணனும் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று விஷயம் சொல்லத் தோன்றியது.

நீங்கள் காட்டெருமை என்கிறீர்கள், நாங்கள் காட்டுமாடு என்போம். எருமை இனம் இல்லை, மாட்டினம்தான். வளர்ந்த கடா ஆயிரம் கிலோகூட இருக்கும். மே மாதம் ஓடை வற்றிவிடும், உள்ளே புல் காய்ந்துவிடும். தண்ணீருக்கும் பச்சைக்கும் தோட்டத்துப் பக்கம் இரவில் வந்து, வெயில் ஏறுவதற்குள் திரும்பும். நீங்கள் ஆறு மணிக்கு நடந்தது அதன் வழியில், அதன் நேரத்தில். அன்றைக்கு நான் வேறு ஆட்களோடு போயிருந்தேன். கூட இருந்திருந்தால் ஏழரைக்கு முன்னால் அந்தப் பாதையில் விட்டிருக்க மாட்டேன்.

இரண்டாவது, பனியில் சத்தமில்லாமல் நடந்தது. அமைதி நல்லதுதான், ஆனால் பனியில் அது ஆபத்து. மாடு நம்மைத் தேடி வந்து முட்டாது. திடீரென்று பக்கத்தில் பார்த்தால்தான் பயந்து முட்டும். எங்கள் அம்மா விறகுக்குப் போகும்போது சலங்கை வைத்த கொலுசைக் கழற்றவே மாட்டார். "அது கேட்டா தானா ஒதுங்கிடும்" என்பார். தூரத்திலேயே நாம் வருவது அதற்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். கீழே இருந்து நீங்கள் கொண்டுவருகிற மல்கோவாவும் இமாம்பசந்தும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் தோலையும் கொட்டையையும் மக்கிப்போகிற பொருள்தானே என்று புதரில் போடுகிறார்கள். குரங்கு அதற்குப் பழகிக்கொள்கிறது. திங்கட்கிழமை பாதையில் நீங்கள் இல்லை, பள்ளிக்கூடம் போகிற எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். பையைப் பறிக்கிறது. போன ஜூனில் என் அக்கா மகளுக்குக் கையில் கீறல். தோலைப் பையில் போட்டுக் கீழே எடுத்துப் போங்கள். சாலையோரத்தில் உட்கார்ந்து பலாச்சுளை வாங்கிச் சாப்பிட்டாலும் அப்படித்தான்.


செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, மறுபடியும்:

தம்பி, தோல் விஷயத்தில் நானும் உண்டு. பேருந்து நிறுத்தத்துக்குக் கீழே இருக்கிற புதரில் நானே இரண்டு கொட்டை எறிந்திருக்கிறேன். மன்னித்துவிடு. இந்த வாரத்திலிருந்து என் பையில் ஒரு தூக்குவாளி தனியாக வரும், எல்லோரும் அதில் போடலாம்.

நேரத்தையும் மாற்றிவிட்டோம். தோட்டத்துப் பாதையில் கால் வைப்பது இனிமேல் ஏழரைக்கு மேல்தான்.

அம்மாவின் கொலுசைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. இத்தனை வருடம் நான் பற்றவைத்த சலங்கை கல்யாண மண்டபத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, டீச்சரம்மாவின் கைத்தடிக்கு ஒரு சரம் கோத்தேன். அதில் பன்னிரண்டு சலங்கை மணிகள். வெள்ளியில் இல்லை, வெள்ளிச் சத்தம் மெலிசு, பனியில் தூரம் போகாது. பித்தளையில் செய்து, உள்ளே போடுகிற குண்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கிறேன். மாடியில் நின்று ஆட்டினேன், தெருமுனை டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு சரம் உன் அம்மாவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், அவரைக் கேட்டுப் பார்க்கச் சொல். சத்தம் போதவில்லை என்றால் மாற்றித் தருகிறேன்.