உதவி தேவை: வஞ்சிரம் எண்ணிக்கைக்குப் பாய்சான் பரவல் பொருந்த மாட்டேன் என்கிறது (பி.எஸ்சி. புராஜெக்ட்)

கடைசி பெஞ்ச்:
வணக்கம். பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்ட் தலைப்பு 'பாய்சான் பரவலின் பயன்பாடு' (ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தற்செயலாக நடப்பவற்றின் எண்ணிக்கை எப்படி அமையும் என்று சொல்கிற பரவல்). எல்லோரும் எடுக்கிற அச்சுப்பிழை, போன் கால் எல்லாம் வேண்டாம், ஊர்க் கணக்கே இருக்கட்டும் என்று மண்டபம் வடக்குக் கடற்கரையில் காலையில் கரை சேரும் நாட்டுப்படகுகளைப் பிடித்தேன். ஒரு படகுக்கு எத்தனை வஞ்சிரம் என்று எண்ணியதில் 120 படகுக்கு வந்தது இது:

0 மீன் – 58 படகு
1 மீன் – 19
2 மீன் – 13
3 மீன் – 12
4 மீன் – 5
5 மீன் – 3
6-ம் அதற்கு மேலும் – 10 (அதிகபட்சம் 14)

மொத்தம் 200 மீன், சராசரி 1.67. எக்செல்லில் கைவர்க்கம் (chi-square, எதிர்பார்த்ததும் எண்ணியதும் எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) போட்டால் 172-ஐத் தாண்டுகிறது. அட்டவணைப்படி 12.59-க்குள் இருந்தால்தான் பொருந்தும். 'பொருந்துகிற மாதிரி வேற டேட்டா கொண்டு வா' என்று துறையில் சொல்லிவிட்டார்கள். நான் எண்ணியது தப்பா, ஃபார்முலா தப்பா? ரிவியூ நெருங்கிவிட்டது, யாராவது சொல்லுங்கள்.

பரவற்படி:
தம்பி, நான் கல்லூரியில் இதே பாடம் எடுப்பவள். வேறு டேட்டா தேட வேண்டாம்.

முதலில் கணக்கைச் சரி செய்துகொள். பாய்சான்படி கடைசி வகுப்பில் எதிர்பார்க்கும் படகு ஒன்றுகூட இல்லை, 0.88 தான். எதிர்பார்க்கும் அலைவெண் (இங்கே படகு எண்ணிக்கை) 5-க்குக் கீழே போனால் பக்கத்து வகுப்போடு சேர்க்க வேண்டும். 4 முதல் எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் கைவர்க்கம் சுமார் 82-க்கு இறங்கும். சராசரியை டேட்டாவிலிருந்தே எடுத்திருக்கிறாய், அதனால் டிகிரீஸ் ஆஃப் ஃபிரீடமில் (வகுப்பு எண்ணிக்கையில் ஒன்று கழித்தது) இன்னும் ஒன்று கழியும். மீதி 3, அதற்கு அட்டவணை மதிப்பு 7.81. அப்படியும் பத்து மடங்குக்கு மேல் இடிக்கிறது. ஆக, கணக்கைத் திருத்தினாலும் பாய்சான் பொருந்தவில்லை.

வேரியன்ஸ் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) எவ்வளவு என்று போட்டுப் பார்த்தாயா?

கடைசி பெஞ்ச்:
6.46 மேடம்.

பரவற்படி:
அங்கேதான் விஷயம் இருக்கிறது. பாய்சானில் சராசரியும் வேரியன்ஸும் சமமாக இருக்க வேண்டும். உனக்கு வேரியன்ஸ் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. சராசரி 1.67 என்றால் வெறுங்கையோடு வர வேண்டியவை சுமார் 23 படகு. நீ பார்த்தது 58.

குதிரை உதைத்துச் செத்த பிரஷ்யப் படைவீரர் கணக்கைப் பாடத்தில் பார்த்திருப்பாய். 1898-ல் போர்ட்கீவிச் வெளியிட்டது. 10 படைப்பிரிவு, 20 ஆண்டு, ஆக 200 வரிசை, 122 சாவு. சராசரி 0.61, வேரியன்ஸும் 0.61. ஒரு குதிரை உதைத்ததற்கும் இன்னொரு குதிரை உதைத்ததற்கும் சம்பந்தம் கிடையாது, அதனால் அது பாய்சான். வஞ்சிரம் கூட்டமாக ஓடுகிற மீன். ஒன்று வலையில் பட்டால் கூட வந்ததும் படும்.

இப்படிக் கூட்டமாக வரும் எண்ணிக்கைக்கு ஏற்ற பரவல் நெகட்டிவ் பைனாமியல், அதைப் போட்டுப் பார். சராசரியின் வர்க்கத்தை, வேரியன்ஸில் சராசரியைக் கழித்து வருவதால் வகுத்தால் 'கே' மதிப்பு கிடைக்கும். உனக்கு 0.58.

கடைசி பெஞ்ச்:
மேடம், எக்செல் ஃபங்ஷனில் 0.58 கொடுத்தால் பிழை என்றே காட்டுகிறது. அதோடு இது எங்கள் சிலபஸிலேயே இல்லை. வைவாவில் கேட்டால் என்ன சொல்வேன்?

பரவற்படி:
எக்செல் அந்த இடத்தில் முழு எண்ணைத்தான் எடுக்கும். 0.58-ஐ 0 ஆக்கிவிட்டுப் பிழை காட்டுகிறது. ஃபங்ஷனை விடு, கையாலேயே போட்டுவிடலாம். சராசரியைக் கே-யால் வகுத்து 1 கூட்டு. அதை மைனஸ் கே அடுக்குக்கு உயர்த்தினால் சுழியத்தின் நிகழ்தகவு வரும். அடுத்ததற்கெல்லாம் முந்தைய விடையை மூன்று முறை பெருக்க வேண்டும்: கே-யோடு முந்தைய எண்ணைக் கூட்டி அதால், 1-ஐ அடுத்த எண்ணால் வகுத்ததால், சராசரியைச் சராசரி கூட்டல் கே-யால் வகுத்ததால். ஒரு செல்லில் எழுதிக் கீழே இழுத்துவிட்டால் போதும்.

சுழியத்துக்கு 54.7 வரும், நீ பார்த்தது 58. 4, 5 வகுப்புகளைச் சேர்த்துப் போட்டால் மொத்தக் கைவர்க்கம் சுமார் 2.7 தான். பொருந்திவிட்டது. சிலபஸ் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம்.

தெற்குவாடி:
கணக்குக்குள் நான் வரவில்லை, பாம்பன்காரன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். தம்பி, அந்த 120 படகும் என்ன வலை விட்டுவிட்டு வந்தன? வடக்குக் கரையில் பாதிப் பேர் நண்டு வலைதானே போடுகிறார்கள்? நண்டு வலையைத் தரையோடு கிடத்திவிட்டு வந்தவன் வத்தையில் (நாட்டுப்படகில்) வஞ்சிரம் எப்படி இருக்கும்? அவனையும் '0 மீன்' என்று எழுதியிருந்தால் அவன் மீன்பாடு இல்லாமல் வந்தவன் ஆகிவிடுவான். பெட்டி நிறைய நண்டோடு வந்திருப்பான்!

இன்னொன்று. விசைப்படகு போகிற திங்கள், புதன், சனிக்கும் மற்ற நாளுக்கும் வித்தியாசம் இருக்கும். தேதி எழுதி வைத்திருக்கிறாயா?

கடைசி பெஞ்ச்:
விசைப்படகு போகாத நாளில் மட்டும்தான் எண்ணினேன் அண்ணே. வலை விவரம் குறிப்பு நோட்டில் இருக்கிறது, சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போது பிரித்துப் பார்த்தேன். 120-ல் 31 நண்டு வலைப் படகு, எல்லாமே சுழியம். எடுத்துவிடலாமா? எடுத்தால் டேட்டாவைத் திருத்திவிட்டான் என்பார்களே?

பரவற்படி:
தெற்குவாடி சொன்னது என் கணக்கு மொத்தத்தையும் விட முக்கியமானது. நெகட்டிவ் பைனாமியல் இரண்டு விதச் சுழியத்தையும் ஒன்றாக விழுங்கிவிட்டு 'பொருந்துகிறது' என்று சொல்லிவிட்டது. பொருந்தினால் போதும் என்று விட்டிருந்தால் நண்டு விஷயம் வெளியே வந்திருக்காது.

எடுக்கலாம். மீனைப் பார்த்து எடுக்கவில்லை, வலையைப் பார்த்து எடுக்கிறாய். நண்டு வலைப் படகில் மீன் இருந்திருந்தாலும் அதே விதிதான் என்று எழுது. நான் சொன்ன குதிரைக் கணக்கிலும் முழுசாக இருந்தது 14 படைப்பிரிவு. மற்றவற்றிலிருந்து அமைப்பு வேறாக இருந்த 4-ஐ ஒதுக்கிய பிறகுதான் அந்த 200 வரிசை அட்டவணை. ஆனால் 120 படகு அட்டவணையையும் அறிக்கையில் வை, மறைக்காதே.

இப்போது 89 படகு, சுழியம் 27. சராசரி 2.25, வேரியன்ஸ் 7.42. இன்னும் மூன்று மடங்குக்கு மேல், பாய்சான் இதற்கும் ஒத்துவராது (சுழியம் 9 தான் எதிர்பார்க்கும்). நண்டு வலை பாதிக் காரணம்தான், மீதி மீன் கூட்டமாக ஓடுவது. ஆனால் கே-யை மறுபடி போட்டுப் பார், 0.98 வரும். கிட்டத்தட்ட 1. கே 1 என்றால் நெகட்டிவ் பைனாமியல் அப்படியே பெருக்குப் பரவல் ஆகிவிடும், ஜியோமெட்ரிக். அது உன் சிலபஸில் இருக்கிறதல்லவா?

கடைசி பெஞ்ச்:
இருக்கிறது மேடம்!! போட்டுவிட்டேன். எதிர்பார்ப்பது 27.4, 19.0, 13.1, 9.1, அப்புறம் 4-5 சேர்த்து 10.6, கடைசி 9.8. கைவர்க்கம் 1.6. டிகிரீஸ் ஆஃப் ஃபிரீடம் 4, அட்டவணை 9.49. சரியா?

பரவற்படி:
சரி. ஆனால் 'வஞ்சிரம் ஜியோமெட்ரிக் பரவலைப் பின்பற்றுகிறது' என்று தலைப்புப் போட்டுவிடாதே. ஒரு கரை, ஒரு பருவம், 89 படகு, அவ்வளவுதான் உன் கையில் இருப்பது. பாய்சான் ஏன் பொருந்தவில்லை என்பதுதான் உன் புராஜெக்ட்.

ஐஸ்பெட்டி:
நடுவில் நுழைகிறேன். 'காலையில் கரை சேரும்' என்றால் முதலில் வந்தவற்றையா எண்ணினீர்கள்? நல்ல மீன் பட்டவன் ஏலத்துக்கு முந்தி வருவான், இல்லை கூடுதல் நேரம் நின்று வருவான். முதலில் வந்ததை மட்டும் எழுதினால் கணக்கு ஒரு பக்கம் சாயும். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மீன் இறக்கத்தை எடுக்கும் முறையைப் பாருங்கள். 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதற்கு மேல் போனால் எத்தனைக்கு ஒன்று என்று விதிப்படி எடுப்பார்கள். வைவாவில் இதைத்தான் முதலில் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசி பெஞ்ச்:
வந்த வரிசையில் ஒன்று விட்டு ஒன்று எண்ணினேன் சார், ஏலம் முடியும் வரை.

ஐஸ்பெட்டி:
அப்படியென்றால் பரவாயில்லை, அதை அப்படியே எழுதிவிடுங்கள். ஏப்ரல் 15-க்கு மேல் மறுபடி எண்ணப் போனால் இதோடு கலக்க வேண்டாம். ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், கடலே வேறு மாதிரி இருக்கும்.

தெற்குவாடி:
எல்லாம் முடிந்ததா? அது சரி, 14 வஞ்சிரம் ஏற்றி வந்தது யார் படகு தம்பி? எந்தப் பக்கம் வலை விட்டாராம்?

கடைசி பெஞ்ச்:
அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்றுதான் எண்ணவே விட்டார்கள் அண்ணே.