இங்கிரிட் இல்லை, இங்ரி: நோர்வேக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நோர்வேக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வீடு, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பெயர்களைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே ரீச்சர், டொக்டர், மேலதிகாரி என்று யாராக இருந்தாலும் முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுவது வந்த முதல் வாரத்திலேயே தேவைப்படும்.

மகளின் பாலர் பள்ளி ரீச்சரை நான் பல மாதங்கள் 'இங்கிரிட்' என்றே கூப்பிட்டேன். கதவில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். ஒருநாள் பனிக்கால உடுப்பின் ஸிப்பை இழுத்துக்கொண்டிருந்த மகள், அப்போது நாலு வயது, நிமிர்ந்து பார்த்து, "இல்லையம்மா, இங்ரி" என்றாள். நோர்வேஜிய மொழியில் அந்தக் கடைசி 'ட்'டை எழுதுவார்கள், ஆனால் சொல்லமாட்டார்கள். 'ங்' சொல்லி நேரே 'ரி'க்குப் போங்கள், நடுவில் 'கி' வேண்டாம். நமக்கு 'ங்' இருக்கிறது, கஷ்டமே இல்லை. அஸ்த்ரிட், சீக்ரிட் என்று எழுதுகிறவர்களும் இங்கே அஸ்த்ரி, சீக்ரிதான். ஆனால் சுவீடனில் அந்த 'ட்'டைச் சொல்வார்கள். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்.

பெயரின் பொருள் எனக்கு மிகவும் பிடிக்கும். நோர்வேஜிய மொழிக்கு மூலமான பழைய நோர்ஸ் மொழியில் 'இங்' ஒரு கடவுளின் பெயர். மழையும் வெயிலும் விளைச்சலும் தருகிற ஃப்ரேயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர். பின்பகுதி 'ஃப்ரீத்' என்றால் அழகு. நம் ஊரில் சொல்கிற வடிவுதான். வடிவு, வடிவாம்பிகை என்று பெயர் வைத்த நமக்கு இது அந்நியமா என்ன? அஸ்த்ரியிலும் சீக்ரியிலும் இருப்பதும் இதே வடிவுதான்.

இந்தப் பெயர் கொண்டவர்களில் உலகமே அறிந்தவர் நடிகை இங்கிரிட் பெர்க்மன். 1915இல் ஸ்டொக்ஹோமில் பிறந்தார். மூன்று ஒஸ்கார் வாங்கினார். சுவீடன் இளவரசி இங்கிரிட்டின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள். அந்த இளவரசி பின்னர் டென்மார்க்கின் அரசியானார். நோர்வேயில் இப்போது இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது 2004இல் பிறந்த இளவரசி இங்ரி அலெக்சாண்ட்ரா. ஆண், பெண் பாராமல் மூத்த பிள்ளைக்கே முடி என்று 1990இல் அரசியலமைப்பை மாற்றினார்கள். அதனால் தந்தைக்குப் பிறகு இவர்தான் அரியணை ஏற வேண்டியவர். ஒஸ்லோ அரண்மனைப் பூங்காவில் இவர் பெயரில் சிறுவர்களுக்கான சிற்பப் பூங்கா உண்டு. பள்ளிப் பிள்ளைகள் யோசித்துச் சொன்னவற்றையே சிற்பமாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், பிறக்கப்போகிற மகளுக்கு இந்தப் பெயரை வைக்க நினைக்கிறவர்களுக்கு: பிள்ளைக்கு 6 மாதம் முடிவதற்குள் பெயரைப் பதிய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். ஊரில் இருக்கிற அம்மம்மாவுக்கும் முதல் நாளிலிருந்தே 'இங்ரி' என்று சொல்லிக்கொடுங்கள்.