சித்தப்பா மாத்திரைய நிறுத்தின கதை

மாலா அத்தை: (ஃபார்வர்ட்) தினமும் இரண்டு வாழைப்பழம்! மூளையில் மனநிலைக்கான ரசாயனமான செரட்டோனின் ஊறும்! மனச்சோர்வு மாத்திரை இனி எதற்கு?? பகிருங்கள் 🙏

பிரியா: அத்தை இத நம்பித்தான் சித்தப்பா திங்கக்கிழமையிலருந்து மாத்திரைய நிறுத்திட்டாராம், தலை சுத்துதுன்னு படுத்துருக்காரு. சித்தி இப்பதான் போன் பண்ணாங்க

கார்த்தி: ஐயோ

மாலா அத்தை: நானா நிறுத்த சொன்னேன். நல்ல விஷயமாச்சேன்னு போட்டேன்

ரவி மாமா: பழத்துல செரட்டோனின் இருக்கறது உண்மைதானேம்மா

பிரியா: இருக்கு மாமா, ஆனா அது ரத்தத்துலருந்து மூளைக்குள்ள போகாது. நம்ம உடம்புல இருக்கறதுலயே 90 சதவீதத்துக்கு மேல குடல்லதான் இருக்கு, அதுவும் மேல போகாது. மூளை தனக்கு வேண்டியத டிரிப்டோஃபேன்ங்கற அமினோ அமிலத்த (புரோட்டீன் உடைஞ்சா கிடைக்கற ஒரு துண்டு) வச்சு தானே செஞ்சுக்குது, அது சாப்பாட்டுலருந்துதான் வரணும். அப்ப புரோட்டீன அள்ளி சாப்பிட்டா ஆச்சான்னா அதுவும் இல்ல, மத்த அமினோ அமிலங்களும் அதே வாசல் வழியாதான் மூளைக்குள்ள போகணும், அதுங்க கூட்டம் ஜாஸ்தி, இது பின்னாடி மாட்டிக்கும்

கார்த்தி: ஃபேமிலி போட்டோல நான்

மாலா அத்தை: நேரத்துக்கு வந்தா முன்னாடி நிக்கலாம்

பெரியப்பா: ஏணி யார் வீட்ல இருக்கு

பிரியா: மாவுச்சத்து மட்டும் சாப்பிட்டா இன்சுலின் சுரந்து மத்த அமினோ அமிலங்கள தசைக்குள்ள தள்ளிடும், அப்ப டிரிப்டோஃபேனுக்கு வழி கிடைக்கும். 1971லயே ஃபெர்ன்ஸ்ட்ராம், வுர்ட்மன்னு ரெண்டு பேர் எலிகள்ல காட்டிருக்காங்க. ஆனா கூட கொஞ்சம் புரோட்டீன் சேர்ந்தாலே அது அடிபட்டுப்போகும்

ரவி மாமா: அப்ப ஸ்வீட் சாப்பிடலாம்ங்கற

மாலா அத்தை: உங்களுக்கு சுகர்

ரவி மாமா: 🤐

மாலா அத்தை: டிரிப்டோஃபேன் மாத்திரையே ஆன்லைன்ல விக்குதாமே

பிரியா: வேணவே வேணாம் அத்தை!! டாக்டர் குடுத்த மாத்திரையோட சேர்ந்தா செரட்டோனின் எக்கச்சக்கமா ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தறதா இருந்தாலும் டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். இப்ப யாராவது அவர்ட்ட பேசுங்க

பெரியப்பா: நான் பேசினா நிலத்து விஷயத்த எடுப்பான்

மாலா அத்தை: எடுத்தா என்ன தப்பு

ரவி மாமா: மாலா

கார்த்தி: சித்தப்பாவும் இதே க்ரூப்லதான் இருக்காரு 🙂

சித்தப்பா: எல்லாம் படிச்சிட்டேன்

சித்தப்பா: ஏணி இங்கதான் இருக்கு

பிரியா: சித்தப்பா இன்னைக்கே டாக்டருக்கு ஒரு போன் போடுங்க, நீங்களா திரும்ப ஆரம்பிக்காதீங்க

சித்தப்பா: பாக்கலாம்

கார்த்தி: நேர்ல போறதுன்னா நான் கூட்டிட்டு போறேன். வியாழனா வெள்ளியா

பெரியப்பா: வியாழன் எனக்கு ஏணி வேணும்

மாலா அத்தை: பிரியா, வாழைப்பழம் சாப்பிடலாமா கூடாதா

பிரியா: சாப்பிடுங்க அத்தை