பொது சுகாதாரத்தில் போடும் பணம் எந்தக் கணக்கில் திரும்புகிறது?

கணக்குப்புலி கேட்டது:

வளரும் நாட்டு பட்ஜெட்டில் சாலை, மின்சாரம், துறைமுகம் எல்லாமே பணம் கேட்டு வரிசையில் நிற்கின்றன. சாலை போட்டால் கண்ணில் படும், சரக்கு ஓடும், வரி வரும். பொது சுகாதாரத்தில் போட்டதன் பலன் 'நோய் வரவில்லை' என்பதுதான். வராத நோயை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது? 'முதலில் நாடு சம்பாதிக்கட்டும், உடல்நலம் பின்னாலேயே வந்துவிடும்' என்பவர்களுக்கு என்ன பதில்? இருக்கிற கொஞ்சப் பணத்தைப் பெரிய மருத்துவமனையில் போடுவதா, கீழ்மட்டத்திலா? போட்ட பணம் எங்கே ஒழுகுகிறது? 'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' ரகப் பதில்கள் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொல்லுங்கள்.

கொசுவலை:

'சம்பாதித்த பிறகு' வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். குடிநீர் வழியே உடலுக்குள் போய், பிறகு தோலைத் துளைத்து வெளிவரும் கினியப் புழு நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, குணப்படுத்தும் மருந்தும் இல்லை. 1986இல் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது; 2023இல் உலகம் முழுக்க 14 பேர். குடிநீரைத் துணியில் வடிகட்டுவது, புழு வெளிவரும் காலோடு யாரும் குளத்தில் இறங்காமல் பார்ப்பது, குளத்தில் டெமிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இடுவது, ஊருக்கு ஊர் ஆள் வைத்துக் கண்காணிப்பது. ஆயுதம் இவ்வளவுதான். நோய் இருந்த நாடுகள் பணக்கார நாடுகளாகி, அதனால் நோய் போகவில்லை. புழு வெளிவரும் காலமும் விதைப்பு, அறுவடைக் காலமும் பல இடங்களில் ஒன்றாக விழும். வாரக்கணக்கில் ஆள் எழுந்து நடக்க முடியாது. அங்கெல்லாம் நோய் போன பிறகுதான் வயலில் வேலையே ஒழுங்காக நடந்தது.

எண் கேட்டீர்கள். பெரியம்மை ஒழிப்புக்கு 1967இலிருந்து ஆன செலவு ஏறக்குறைய 30 கோடி டாலர். ஒழிந்ததாக 1980இல் அறிவித்த பிறகு, உலகத்துக்கு ஆண்டுதோறும் 100 கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தடுப்பூசிக்கு, வருமானம் குறைந்த மற்றும் நடுத்தர 94 நாடுகளை வைத்துப் போட்ட கணக்கில் 1 டாலருக்கு 16 டாலர் மிச்சம் வந்தது. கழிப்பறை வசதிக்கு 5.5, குடிநீருக்கு 2 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2012 மதிப்பீடு.

என்னைக் கேட்டால் இவற்றைவிட வலுவான சான்று 2014. கினியா, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் எபோலா 2016 வரை சுமார் 28,600 பேரைத் தொற்றி, 11,300 பேரைக் கொன்றது. 2014 ஜூலையில் நோயாளி ஒருவர் விமானத்தில் லாகோஸ் வந்து இறங்கினார். நைஜீரியாவில் மொத்தம் 20 பேருக்குத் தொற்று, 8 சாவு, அதோடு நின்றது. போலியோவுக்காக அங்கே ஏற்கெனவே அவசரகாலச் செயல் மையம் இருந்தது, களப்பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். அவர்களை அப்படியே எபோலாவுக்குத் திருப்பினார்கள். தொடர்பில் இருந்த சுமார் 890 பேரை, ஒவ்வொருவரையும் 21 நாள், வீட்டுக்குப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். 18,000 வருகைகளுக்கு மேல். போலியோ கணக்கில் எழுதிய பணம் எபோலாவில் திரும்பி வந்தது.

வரவுசெலவு:

கொசுவலை சொன்ன 16, 5.5 இரண்டையும் சாலையின் சுங்க வசூலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அவை அனுமானங்களை வைத்துப் போட்ட மாதிரிக் கணக்குகள். அந்த மிச்சத்தில் பெரும்பங்கு கருவூலத்துக்கு வராது. இழக்காத கூலி, நடக்காத நடை, விற்காத மாடு என்று வீடுகளிலேயே தங்கிவிடும். நிதித்துறை தயங்குவது இதனால்தான். தயக்கம் தவறு, காரணம் உண்மை.

கருவூலத்துக்கே புரிகிற இழப்பும் உண்டு. 1991இல் பெருவில் காலரா பரவியபோது வெளிநாடுகள் அதன் மீனையும் உணவுப் பொருள்களையும் வாங்க மறுத்தன; சுற்றுலாவும் படுத்தது. குடிநீரில் குளோரின் ஒழுங்காக இருப்பது ஏற்றுமதி விவகாரமும்தான் என்று அப்போது தெரிந்தது.

ஐஸ்பேக்:

எங்கே ஒழுகுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டடத்திலும் கருவியிலும் ஒழுகுவதைவிட, அவற்றை ஓட்டுகிற சின்னச் செலவை வெட்டும்போதுதான் அதிகம் ஒழுகுகிறது. தடுப்பூசியையே பாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சூடாகிவிடுமோ என்ற பயத்தில் உறைய வைத்துக் கெடுப்பதுதான் தெரியாமல் நடப்பது. ஹெபடைடிஸ் பி, ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட், டெட்டனஸ் போன்றவற்றில் அலுமினிய உப்பு இருக்கிறது. ஒரு தடவை உறைந்தால் அது கட்டிதட்டி, வீரியம் போய்விடும், திரும்பாது. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் அடுக்கினால் இதுதான் நடக்கும். வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்து அடுக்க வேண்டும்.

குப்பி மேலுள்ள விவிஎம் (சூடு பட்டால் நிறம் மாறும் குறி) வெப்பத்தை மட்டும்தான் காட்டும். உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருந்தால் சூட்டால் கெடவில்லை என்று பொருள். உறைந்ததா என்று அது சொல்லாது. சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை: அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே கல்லாக உறைய வைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் வையுங்கள். சந்தேகக் குப்பியின் வண்டல் அதே வேகத்திலோ இன்னும் விரைவாகவோ இறங்கினால் குப்பைக்குத்தான்.

இன்னொன்று, சிக்கனம் என்ற பெயரில் வரும் நட்டம். தட்டம்மை ஊசி பெரும்பாலும் பத்து டோஸ் குப்பியில் வரும். கரைத்தபின் அதிகபட்சம் 6 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், ஏனென்றால் அதில் கிருமித் தடுப்பான் இல்லை. மூன்று குழந்தைகள் வந்திருக்க, 'ஏழு டோஸ் வீணாகும், அடுத்த வாரம் வாங்க' என்று திருப்பி அனுப்பினால் மேலதிகாரிக்கு வீணாக்கல் விகிதம் அழகாகத் தெரியும். திருப்பிய குழந்தைகளில் சில திரும்பி வராது. தட்டம்மையைத் தடுக்க 95 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு வேண்டும். இப்படிச் சேர்கிற ஓட்டைகளில்தான் பரவல் கிளம்பும். மூன்று பேர் வந்தாலும் குப்பியைத் திற!

குளோரோஸ்கோப்:

தண்ணீரிலும் அதே கதை. தொட்டி கட்டத் திட்ட நிதி வரும், திறப்பு விழா நடக்கும். பிளீச்சிங் பவுடர் வாங்க மாதாமாதம் யார் தருவது?

கணக்கு எளிது. 1000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் குளோரின் வேண்டுமென்றால் 1 கிராம். புதுத் தூளில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் 3 கிராம் தூள் போதும். ஈரத்திலும் வெயிலிலும் கிடந்து 20 சதவீதமாக இறங்கிய தூளில் 5 கிராம் வேண்டும். மூட்டையில் எழுதிய எண்ணை நம்பி அதே 3 கிராமைப் போட்டால் பாதிக்குச் சற்று மேல்தான் தண்ணீருக்குப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குவது மலிவு போலத் தெரிந்தாலும் இந்த இடத்தில் தோற்கும்.

கலந்து 30 நிமிடமாவது விட வேண்டும். கலங்கல் நீரில் குளோரினை அழுக்கே தின்றுவிடும், முதலில் தெளிய வையுங்கள். அளவைத் தொட்டியில் பார்த்துவிட்டு நிறுத்தாமல் கடைசிக் குழாயில் பாருங்கள்: எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடாது. நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊர்களில், குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் பக்கத்துச் சாக்கடை விரிசல் வழியே உள்ளே இழுபடும். தொட்டி நீர் சுத்தமாக இருந்தும் வயிற்றுப்போக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கணக்குப்புலி:

நன்றி, இந்த அளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் பெரிய மருத்துவமனையே வேண்டாம் என்கிறீர்களா?

வரவுசெலவு:

யாரும் அப்படிச் சொல்லவில்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தாலோ, அறுவை தேவைப்பட்டாலோ துணை சுகாதார நிலையத்தால் மட்டும் ஆகாது. மேலே ஓர் அறுவை அரங்கும் அங்கே கொண்டுசேர்க்க டீசல் உள்ள வண்டியும் வேண்டும். ஆனால் கீழே செய்ய முடிந்ததை மேலே செய்தால் செலவு பல மடங்கு. 1971 வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் பரவிய காலராவில் சிரைவழித் திரவம் தீர்ந்தபோது, திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு-சர்க்கரைக் கரைசலை டிரம்மில் வைத்து உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 3.6க்கு இறங்கியது. இன்றைய ஓஆர்எஸ் பொட்டலத்தில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. குழந்தைகளுக்குக் கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாகம். பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடி ஆபத்து. ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பணம் அந்த ஆளுக்குப் போக வேண்டும்.

பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்ப்பது ஏமாற்றும். ஆப்பிரிக்க நாடுகள் 2001இல் அபுஜாவில் 15 சதவீதம் என்று உறுதி கூறின, பெரும்பாலானவை எட்டவில்லை. எட்டினாலும் மொத்தமும் சம்பளத்துக்கும் தலைநகர் மருத்துவமனைக்கும் போனால் என்ன பயன்? நோயாளி தன் கையிலிருந்து கட்டும் பங்கு மொத்தச் செலவில் 15-20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான், மருத்துவச் செலவால் கடனில் விழும் குடும்பங்கள் அரிதாகும்.

பட்ஜெட் ஆவணம் கையில் இருந்தால் மூன்று வரிகளைத் தேடுங்கள்: மருந்து, எரிபொருள், பழுதுபார்ப்பு. சம்பளம் ஏறும்போது முதலில் சுருங்குபவை இவைதான். அடுத்து, ஒதுக்கிய தொகை எந்த மாதத்தில் விடுவிக்கப்பட்டது என்று பாருங்கள். நிதியாண்டு முடியும் மாதத்தில் வரும் மருந்துப் பணம் டெண்டர் முடியுமுன் காலாவதியாகிவிடும், அறிக்கையில் 'செலவிடும் திறன் இல்லை' என்று எழுதுவார்கள்.

ஐஸ்பேக்:

நன்கொடைக் குளிர்பதனப் பெட்டிக்கும் அதே விதி. ஸ்டெபிலைசர், உதிரி, மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்துப் பத்து வருடச் செலவை எழுதித் தராத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.