எந்தத் துறையைக் கொடுத்தார்கள்?

யாழினி: நம் குடும்பக் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். அதிகாரமிக்க அமைச்சுப் பொறுப்புகள் பெண்களுக்கு எட்டுகின்றனவா என்பதுதான் எங்கள் கல்லூரிச் சொற்போரின் தலைப்பு. எட்டவில்லை என்ற அணியில் நான் பேசுகிறேன். 2024 ஜூனில் பதவியேற்ற ஒன்றிய அமைச்சரவையில் பிரதமரையும் சேர்த்து 72 பேர், அவர்களில் பெண்கள் 7 பேர், கேபினட் தகுதி பெற்ற பெண்கள் 2 பேர் என்பதை முதல் வாதமாக வைக்கலாமா?

மதுரைச் சித்தப்பா: வைக்கலாம் அம்மா. ஆனால் அந்த இருவரில் ஒருவர் நிதியமைச்சர் என்று எதிரணி உடனே சொல்லும். இந்திரா காந்தி பிரதமராக இருந்துகொண்டே நிதியையும் உள்துறையையும் கவனித்தார். 2017 செப்டம்பரில் நிர்மலா சீதாராமன் பாதுகாப்பு அமைச்சரானபோது, வெளியுறவில் சுஷ்மா சுவராஜ் இருந்ததால், பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவிலேயே இரண்டு பெண்கள் அமர்ந்தார்கள். இங்கே ஜெயலலிதா காவல்துறையைத் தம் பொறுப்பிலேயே வைத்திருந்தார். இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வாய்?

நாகர்கோவில் பெரியம்மா: அதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. இந்திராவும் ஜெயலலிதாவும் ஆட்சித் தலைவர்கள் என்பதால் அந்தத் துறைகளைத் தாமே எடுத்துக்கொண்டவர்கள்; இன்னொருவர் அவர்களை நம்பி ஒப்படைக்கவில்லை. பிரதமராக இல்லாத எந்தப் பெண்ணிடமும் ஒன்றிய உள்துறை இன்றுவரை தரப்படவில்லை. நிர்மலாவுக்கும் சுஷ்மாவுக்கும் கிடைத்தது உண்மையான அதிகாரம்தான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சென்னை அத்தை: யாழினி, தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடாதே, எந்தத் துறையை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார். தமிழ்நாட்டில் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் ஆட்சி அமைந்தபோது மூன்று முறையும் ஆதிதிராவிடர் நலத் துறை ஒரு பெண்ணிடம்தான் போனது: தமிழரசி, ராஜலட்சுமி, கயல்விழி செல்வராஜ். சமூக நலத் துறையும் அப்படித்தான் பூங்கோதை, சரோஜா, கீதா ஜீவன் என்று வந்தது. ஆட்சி மாறியும் கட்சி மாறியும் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

மதுரைச் சித்தப்பா: சமூக நலத்தைச் சிறிய துறை என்று எப்படிச் சொல்வீர்கள் அக்கா? சத்துணவே அதன் கீழ்தானே வருகிறது?

சென்னை அத்தை: சிறிய துறை என்று நான் சொல்லவே மாட்டேன், லட்சக்கணக்கான குழந்தைகள் சாப்பிடுகிற துறை அது. தலைமைச் செயலகத்தில் ஒரு கோப்பு எப்படி நகர்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தையே எடுத்துக்கொள். பயனாளிகளின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்று துறை அமைச்சர் முடிவு செய்தாலும், கூடுதல் செலவு என்று வந்துவிட்டால் நிதித்துறையின் இசைவு இல்லாமல் அரசாணை வராது. ஒரு துறை கேட்கிற இடத்தில் இருக்கிறது, இன்னொன்று கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. பெண் அமைச்சர்களைப் பெரும்பாலும் கேட்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம்; என் மனத்தை அறுப்பது இதுதான்.

நாகர்கோவில் பெரியம்மா: எங்கள் மாவட்டத்துக் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள் கண்ணு. 1956இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. அடுத்த ஆண்டே குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமனைக் காமராசர் அமைச்சராக்கி, உள்ளாட்சியையும் மீன்வளத்தையும் ஒப்படைத்தார். கடலோர மக்களின் பிழைப்பையும் ஊராட்சிகளின் நிர்வாகத்தையும் சேர்த்துக் கவனிக்கிற பொறுப்பு அது. அன்று முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் 8 பேர்தான், அதில் ஒருவர் பெண். 2021இல் அமைந்த அமைச்சரவையில் 34 பேருக்கு 2 பேர்! அதே 1957இல் கேரளத்தில் கௌரியம்மாவின் கையில் வருவாய்த் துறை இருந்தது. பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றத் தடை விதித்து அவசரச் சட்டம் வந்தது. நிலச் சீர்திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவரும் அவரே. ஒரு பெண்ணிடம் நிலத்தை ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மதுரைச் சித்தப்பா: அந்தக் கணக்கைக் கேட்டால் எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. கட்சி அரசியலைப் பல ஆண்டுகளாகக் கவனிப்பவன் என்ற முறையில் ஒரு காரணம் சொல்கிறேன். பொதுப்பணி, நெடுஞ்சாலை, வருவாய் போன்ற துறைகள் பெரும்பாலும் மாவட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே போகின்றன. கட்சியின் மாவட்டச் செயலாளர் பொறுப்பில் பெண்கள் மிக அரிது. கீதா ஜீவன் தூத்துக்குடி வடக்கு மாவட்டச் செயலாளர். அப்படிப்பட்டவருக்கே கிடைத்தது சமூக நலம்தான் என்பதை நீ சபையில் சொல்லலாம்.

யாழினி: கட்டாயம் சொல்கிறேன் சித்தப்பா. 2023இல் நிறைவேறிய 33 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம் இதைச் சரி செய்துவிடும் என்று எதிரணி சொன்னால்?

சென்னை அத்தை: அந்தச் சட்டம் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் உரியது, அமைச்சரவையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 2021 தேர்தலில் 234 இடங்களில் 12 பெண்கள் மட்டுமே வென்றார்கள் என்பதால் உறுப்பினர் எண்ணிக்கை உயர வேண்டியது அவசியம்தான். ஆனால் 60, 70 பெண்கள் வந்த பிறகும் அவர்களுக்கு நலத் துறைகளையே பங்கிட்டுக் கொடுத்தால் எந்தச் சட்டமும் தடுக்காது.

யாழினி: அப்படியானால் என் வாதத்தை இப்படி முடிக்கிறேன் அத்தை: சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் கூடாது என்ற வரம்பின்படி தமிழ்நாட்டில் முதல்வரையும் சேர்த்து 35 அமைச்சர்கள் இருக்கலாம். யாருக்கு எந்தத் துறை என்பதை முடிவு செய்பவர் முதல்வர். ஆகவே நிதியையோ நெடுஞ்சாலையையோ ஒரு பெண்ணிடம் ஒப்படைக்க அரசியல் சட்டத் திருத்தமும் வேண்டாம், அந்த இடஒதுக்கீட்டைப் போல மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கோ தொகுதி மறுவரையறைக்கோ காத்திருக்கவும் வேண்டாம். பதவியேற்பு நாளன்றே செய்துவிடலாம்.

நாகர்கோவில் பெரியம்மா: லூர்தம்மாள் பெயரை விட்டுவிடாதே. போட்டி முடிந்ததும் எதிரணி என்ன சொன்னது என்று இங்கே எழுது.