முதல் பனிச்சறுக்குக்கு நிசேகோவா, குல்மார்க்கா?

நுவரெலியா நிலா: பிள்ளைகள் இருவர், வயது 9, 12. நாங்கள் நால்வரும் கண்ட பனி, ஜனவரியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகும் உறைபனி மட்டும்தான். டிசம்பர் ஸ்கூல் லீவில் ஸ்கீ பழகப் போகலாம் என்று யோசனை. வீட்டுக்காரருக்கு ஜப்பானின் நிசேகோதான் வேண்டுமாம். எனக்கு, செலவு குறைவு என்பதால் காஷ்மீரின் குல்மார்க். எது சரி?

ஹட்டன்வாசி: நிசேகோ, யோசிக்கவே வேண்டாம். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நிசேகோ இருக்கும் ஹொக்கைடோ தீவின் மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. அதனால்தான் உயரம் குறைந்த இடத்திலும் அவ்வளவு பனி. அங்குள்ள அன்னுபுரி மலையின் உச்சியே 1,308 மீற்றர்தான், எங்கள் ஹட்டன் டவுனை விடக் கொஞ்சம் கூட. உயரத்தால் தலைவலி, மூச்சுத்திணறல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆங்கிலத்தில் பழக்கும் ஆட்களும் நிறைய.

பதுளைக்காரன்: அண்ணே, விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிறிஸ்மஸ், புதுவருட நேரத்தில் அங்கே அறை வாடகை கேட்டால் தலை சுற்றும். ஜப்பான் விசா வேறு. குல்மார்க் என்றால் இந்திய இ-விசாவை வீட்டிலிருந்தே எடுக்கலாம். டெல்லி வழியாக ஸ்ரீநகர், அங்கிருந்து சுமார் 50 கிலோமீற்றர். சோறும் பருப்பும் கிடைக்கும், பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

லிந்துலை அக்கா: தம்பி, குல்மார்க்கின் அடிவாரமே சுமார் 2,650 மீற்றர். இலங்கையிலேயே உயரமான நம்ம பீதுருதாலகால உச்சி 2,524. கேபிள் காரில் மேலே போனால் 3,900 மீற்றரைத் தாண்டும். நுவரெலியாவில் பிறந்தவர்களுக்கு மலை பழக்கம்தானே என்று நினைக்க வேண்டாம், அது வேறு உயரம்.

பதுளைக்காரன்: பழகுகிற பிள்ளையை யார் மேலே ஏற்றச் சொன்னது? அடிவாரத்தில் சாய்வு குறைந்த இடம் தாராளமாக இருக்கிறது. மேல் சரிவுகள் தேர்ந்தவர்களுக்கு. பனிச்சரிவு ஆபத்தும் அந்தப் பக்கம்தான்.

ஹட்டன்வாசி: சரி, டிசம்பரில் அந்த அடிவாரத்தில் பனி இருக்குமா? காஷ்மீரின் கடுங்குளிர் நாற்பது நாள், சில்லாய் கலான், டிசம்பர் 21இல்தான் தொடங்குகிறது. 2024 ஜனவரியில்கூட குல்மார்க் பனியே இல்லாமல் காய்ந்து கிடந்ததே, மறந்துவிட்டதா?

பதுளைக்காரன்: அந்த வருடமும் பெப்ரவரியில் கொட்டியதே!

நுவரெலியா நிலா: பெப்ரவரியில் ஸ்கூல் தம்பி.

லிந்துலை அக்கா: அப்போ ஏன் டிசம்பரையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? ஆகஸ்ட் லீவைப் பாருங்கள். தவணை நாட்கள் இப்போது மாறி மாறி வருகின்றன, அதை மட்டும் கவனிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பனிக்காலம். மெல்பேர்னிலிருந்து மவுண்ட் புல்லர் என்ற பனிச்சறுக்கு மலை காரில் மூன்று மணித்தியாலம்தான்.

ஹட்டன்வாசி: அக்கா, அந்தப் பனி ஈரப்பனி. குறைவான வருடங்களில் இயந்திரம் வைத்துப் பனி செய்கிறார்கள். நிசேகோவின் மாவு போல உலர்ந்த தூள்பனி எங்கே, அது எங்கே!

லிந்துலை அக்கா: விழுந்து எழும்பவே நேரம் போகிற பிள்ளைக்குத் தூள்பனி எதற்கு? ஆழமான தூள்பனியில் புதியவர்கள் திரும்பவே திணறுவார்கள். இயந்திரத்தால் அழுத்திச் சமப்படுத்திய சரிவில்தான் எல்லோரும் பழகுகிறார்கள், நிசேகோவிலும் அப்படித்தான். நன்றாக ஓடத் தெரிந்தவன் அனுபவிக்கிற பனிக்கு இவர்கள் ஏன் இப்போதே காசு கொட்ட வேண்டும்?

ஹட்டன்வாசி: பிள்ளைகள் முதன்முதலாகப் பனி பார்க்கப் போகிறார்கள். மரமெல்லாம் வெள்ளையாக நிற்கிற ஊருக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். புல்லரில் பாதி மரம் பச்சையாக இருக்கும்.

பதுளைக்காரன்: எங்கே போனாலும் பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தனியாகக் கட்டணம் கட்டித்தான் சேர்க்க வேண்டும்.

நுவரெலியா நிலா: மெல்பேர்னில் நாத்தனார் வீடு இருக்கிறது, தங்குமிடச் செலவு மிச்சம். அவுஸ்திரேலிய விசா நால்வருக்கும் எவ்வளவு வரும் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். வீட்டுக்காரர் இதையெல்லாம் வாசித்துவிட்டு ஹட்டன்வாசிக்கு லைக் போடச் சொல்கிறார்.